திபெத்திய மேய்ப்பர்களுக்கு மருத்துவம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

லடாக்கின் சாங்தாங்கிலும் நேபாளத்தின் முஸ்தாங்கிலும் இலவசக் கண் முகாம்களில் ஆறு கோடைக்காலம் செவிலியராக வேலை பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சிஸ்டர், அந்த மலைகளில் இத்தனை பேருக்குக் கண்புரை வருவது ஏன்? (கல்லூரி மாணவி)

மேலே ஏற ஏறப் புறஊதாக் கதிர் கூடும்மா. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு. பனியில் பட்டுத் திரும்பி வருவது வேறு. ஆனால் வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. கண்புரை நம் ஊரிலும்தான் வருகிறது. நாம் பஸ் ஏறிப் போய் எடுத்துக்கொள்கிறோம். அங்கே நாள்கணக்கில் நடந்தால்தான் ரோடே வரும் என்ற ஊர்கள் உண்டு. கண் தெரியாதவர் எப்படி நடப்பார்?

அதனால் டாக்டர்தான் மலையேற வேண்டும். இதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் சந்துக் ருயிட். திபெத் எல்லையை ஒட்டிய ஒலாங்சுங் கோலா என்ற நேபாளக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய தங்கை காசநோயில் இறந்துபோனார். 1994-ல் காட்மாண்டுவில் அவர் முன்னின்று தொடங்கியதுதான் திலகங்கா கண் மருத்துவமனை. அவருடைய கண்புரை அறுவை முறையில் சின்னக் கீறல், தையல் கிடையாது, பெரிய மிஷின் வேண்டாம், பத்து நிமிடம் போல ஆகும். ஆனால் உள்ளே வைக்கும் லென்ஸ் அப்போது ஏழைகளுக்கு எட்டாத விலை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-ல் லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தது, பிறகு திலகங்காவும் தயாரித்தது. அதற்கப்புறம்தான் இலவச அறுவை சிகிச்சை கட்டுப்படியானது.

மறுநாள் காலையில் கட்டுப் பிரிப்போம். ஒரு பாட்டி முதலில் பார்த்தது தன் கைகளைத்தான். "இவ்வளவு சுருக்கம் எப்போது விழுந்தது?" என்று மகளிடம் கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதாதா?

போதாது. 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் போல அழுத்தம் ஏற்றும் ஆட்டோகிளேவ் கட்டாயம் வேண்டும். கரண்ட் இல்லாத இடத்தில் அதை கேஸ் அடுப்பில் வைப்போம்.

அங்கே நாயால் ஈரலில் கட்டி வரும் என்கிறார்களே, உண்மையா அக்கா?

உண்மைதான். ஹைடாடிட் என்று பெயர். உலகிலேயே அது மிக அதிகமாக உள்ள இடங்களில் திபெத்தியப் பீடபூமியும் ஒன்று. ஆடு, யாக் அறுத்ததும் குடலையும் ஈரலையும் நாய்க்குப் போடுவார்கள். நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, முட்டை கழிவோடு வெளியே வரும். கையில் ஒட்டி, மாவு பிசையும்போது வாய்க்குள் போய்விடும். அப்புறம் வருடக்கணக்கில் வலியே இல்லாமல் கட்டி வளரும். சிறிய ஸ்கேன் மிஷினை எடுத்துப் போனால் கண்டுபிடிக்கலாம். சிலருக்கு அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை மாதக்கணக்கில், சிலருக்கு அறுவை சிகிச்சை.

ஆனால் நாயைக் கவனிக்காமல் இது நிற்காது. உயிர்க்கொலை பாவம் என்று நினைப்பவர்கள் தெருநாயைக் கொல்லமாட்டார்கள், கொல்லவும் வேண்டாம். பிராசிகுவான்டெல் என்ற நாடாப்புழு மாத்திரையைத் தவறாமல் நாய்க்குக் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் எங்களால் அது முடியாது. அந்த ஊரிலேயே ஒருவர் வேண்டும். நான் ஆறு வருடமும் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

நாட்டு வைத்தியர்கள்தான் மக்களை ஆஸ்பத்திரிக்கு விடாமல் தடுக்கிறார்களாமே?

அப்படிச் சொல்லாதீர்கள், ஐயா. அவர்களை ஆம்ச்சி என்பார்கள். அவர்களுடைய சோவா ரிக்பா வைத்திய முறையை இந்தியா 2010-ல் சட்டப்படி ஏற்றது. பனி மூடிய மாதங்களில் வீட்டுக்கு வந்து நாடி பார்ப்பவர் அவர்தான். எந்த வீட்டில் யாருக்குக் கண் தெரியவில்லை என்று எங்களுக்குச் சொன்னவரும் ஓர் ஆம்ச்சிதான்.

திபெத்திலிருந்து இந்தியாவுக்கு அகதிகளாக வந்தவர்களிடையே டிபி அதிகம் என்று படித்தேன்.

ஆமாம். விடுதிப் பள்ளிகளிலும் மடங்களிலும் நெருக்கமாக வாழ்வதால் எளிதில் பரவுகிறது. தர்மசாலாவில் 1971-ல் தொடங்கிய டெலெக் மருத்துவமனை இதில் பெரிய வேலை செய்திருக்கிறது. சாதாரண டிபிக்கே ஆறு மாதம் மாத்திரை. மந்தையோடு நகர்ந்துகொண்டே இருப்பவர் பாதியில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாகிவிடும்.

நான் ஓய்வு பெற்ற மருந்தாளுநர். மருந்து அனுப்பலாமா, நேரில் வரலாமா?

வீட்டில் மிஞ்சிய மாத்திரையை அனுப்ப வேண்டாம் சார். பிரித்து எரிக்கும் வேலைதான் மிஞ்சும். உள்ளூர் சுகாதாரப் பணியாளர் ஒருவரின் சம்பளத்துக்குப் பணமாகக் கொடுங்கள். திபெத்துக்குள்ளேயே போவது கஷ்டம். 2017 முதல் சீனச் சட்டப்படி வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் போலீஸிடம் பதிவு செய்தாக வேண்டும். லடாக், ஸ்பிதி பக்கம் நீங்கள் வரலாம், மருந்துக் கணக்கு பார்க்க ஆள் எப்போதும் தேவை. முதலில் உங்கள் டாக்டரிடம் இதயத்தைக் காட்டுங்கள். லே 3,500 மீட்டர். இறங்கியதும் இரண்டு நாளாவது ஓய்வெடுங்கள். சாங்தாங்குக்குப் போனால் கண் சொட்டு மருந்துகளை இரவில் உங்கள் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே விட்டால் உறைந்துவிடும்.