‘மாலு’ என்றால் அவமானமா?

தம்பி, நோன்புப் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பில் உடன் பணிபுரிபவரின் தாயார் உங்களிடம் மலாய் மொழியில் ‘ஜாங்ஙான் மாலு-மாலு’ என்று சொன்னதாகவும், பிறகு அகராதியில் ‘மாலு’ என்பதற்கு ‘அவமானம்’ என்று கண்டு மனம் வருந்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மா உங்களைக் குறைத்துப் பேசவில்லை. ‘ரெண்டாங்’ என்ற இறைச்சிக் கறியை எடுக்கத் தயங்கி நின்ற விருந்தாளியிடம் ‘கூச்சப்படாமல் சாப்பிடுங்கள்’ என்று உபசரித்திருக்கிறார். கோலாலம்பூரில் எந்த மலாய் வீட்டுக்குப் போனாலும் இந்தச் சொல் உங்கள் காதில் விழும்.

என்னைக் கேட்டால், ‘மாலு’வுக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் வெட்கம்தான். மணப்பெண்ணின் நாணத்தையும் நாம் வெட்கம் என்கிறோம். தவறு செய்தவனையும் ‘வெட்கமாக இல்லையா?’ என்று கேட்கிறோம். மலாய்க்காரர்களும் அவ்வாறே கூச்ச சுபாவம் உள்ளவரைப் ‘பெமாலு’ என்பார்கள்; தலைகுனிவை உண்டாக்கும் செயலை ‘மெமாலுக்கான்’ என்பார்கள். உள்ளுக்குள் ஆசை வைத்துக்கொண்டு வெளியில் கூச்சம் காட்டுவதற்கு ‘மாலு-மாலு கூச்சிங்’, அதாவது பூனை வெட்கம், என்று கேலியாகச் சொல்வதுண்டு. நம் தொட்டாற்சிணுங்கிக்கு அவர்கள் இட்ட பெயர்கூட ‘செமாலு’தான். ஆனால் ‘தாக் தாஹு மாலு’ என்று யாராவது சொன்னால் அது உபசாரமன்று. ‘வெட்கங்கெட்டவன்’ என்ற வசை.

இலக்கணம் கற்றுக்கொண்டு பேசத் தொடங்குபவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ‘பாய்க்’ என்ற நல்லது, முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்ந்து ‘கெபாய்க்கான்’ என்ற நன்மையாகிறதே, அதே கணக்கில் ‘மாலு’வையும் பெயர்ச்சொல்லாக்கலாம் என்று எண்ணி ‘கெமாலுவான்’ என்று சொல்லிவிடாதீர்கள். அது இன்று பிறப்புறுப்பைக் குறிக்கும் சொல். வெட்க உணர்வைச் சொல்ல வேண்டுமானால் ‘ராசா மாலு’ என்று சொன்னால் போதும்.

மேலதிகாரியிடமோ பெரியவர்களிடமோ மரியாதை காரணமாக ஒன்றைக் கேட்கத் தயங்குகிறீர்கள் என்றால், அதற்கு ‘மாலு’வைவிட ‘செகான்’ என்பதே பொருத்தம். அலுவலகத்தில் ‘சாயா செகான்’ என்று நீங்கள் சொன்னால், உங்களுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று யாரும் எண்ணமாட்டார்கள்; மரியாதை தெரிந்த பிள்ளை என்றே எடுத்துக்கொள்வார்கள்.