சிங்கப்பூரிலிருந்து சொந்தக் காரில் மலைச்சாலை வழியாகவே கேமரன் மலை வரை போய்வர முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை விட்டுவிட்டு உள்சாலைகளிலும் மலைச்சாலைகளிலும் போக வழி இருக்கிறதா, எழுபது தாண்டிய பெற்றோரை அழைத்துக்கொண்டு போகலாமா, ஐந்து நாள் போதுமா. வழி இருக்கிறது, தாராளமாக அழைத்துப் போகலாம், ஐந்து நாள் போதாது. போன ஆண்டு ஜூலையில் நானும் மனைவியும் அப்பா அம்மாவோடு இதே மாதிரி ஒரு பயணம் போனோம். அப்பாவுக்கு அப்போது 74 வயது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

நெடுஞ்சாலையை முழுக்கத் தவிர்க்க வேண்டாம். ஜோகூரில் தொடக்கத்தில் ஒன்றரை மணி நேரம் அதில் போனால் நேரம் மிச்சம், அங்கே பார்க்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. விடிவதற்கு முன் துவாஸ் எல்லைச் சாவடி வழியாகக் கிளம்பினோம். முக்கால் தொட்டி பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர்க் கார் வெளியே போகக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதிக்குப் பதிந்து, அந்த ஒட்டுவில்லையைக் காரில் ஒட்டிவிட்டீர்களா என்று பாருங்கள், ஜூலை 2025 முதல் அது இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். காப்புறுதி மேற்கு மலேசியாவுக்கும் செல்லுமா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சாலைக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். இவ்வளவுதான் காகித வேலை.

யோங் பெங்கில் வெளியேறிப் பழைய 1ஆம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்தோம். லாபிஸ், சிகாமட், கெமாஸ் என்று ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே போகும் சாலை. சிகாமட்டில் பசியாறினோம். கெமாஸில் 1ஆம் எண்ணை விட்டுப் பிரிந்து பகாவ் பக்கம் திரும்பியதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பிறந்தது பகாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில். பத்தொன்பது வயதில் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர், அதற்குப் பிறகு கல்யாணம் கருமாதி என்று பலமுறை போயிருக்கிறார், எல்லாம் பஸ்ஸில் இரவோடு இரவாகப் போய்த் திரும்புவதுதான். பகலில் அந்தச் சாலையை நிதானமாகப் பார்த்ததில்லை என்றார். இரண்டு பக்கமும் செம்பனைதான் இப்போது. "இதெல்லாம் பால்மரமா இருந்துச்சு தம்பி, பகல்லயே இருட்டா இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பகாவ் என்ற பெயர் சிங்கப்பூரின் வரலாற்றிலும் உண்டு. ஜப்பானியர் காலத்தில், 1943 கடைசியில், சிங்கப்பூரில் உணவுப் பஞ்சம் முற்றியபோது யுரேசியர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் அங்கே காட்டை வெட்டி விவசாயம் செய்யச் சொல்லிக் குடியேற்றினார்கள். மலேரியாவிலும் பட்டினியிலும் பலர் அங்கேயே இறந்துபோனார்கள். ஊருக்குள் நுழையும்போது இதை மனைவியிடம் சொன்னேன், அவள் படித்த பள்ளியின் பழைய ஆசிரியை ஒருவரின் குடும்பமும் அங்கே போனதாம். நம் நாட்டுக் கதையில் பாதி இந்த உள்சாலைகளில் கிடக்கிறது, நெடுஞ்சாலையில் போனால் அது கண்ணில் படுவதேயில்லை.

பகாவுக்கும் கோலப்பிலாவுக்கும் இடையே ஒரு சின்ன ரப்பர்த் தோட்டம் கண்ணில் பட்டது, சிறு தோட்டக்காரர் யாருடையதோ. அப்பா நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய் ஒரு மரத்தின் வெட்டுக்கோட்டில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினார். பட்டையைத் தாளளவுதான் சீவ வேண்டும், ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது, தோட்டத்தில் அதற்குத் திட்டு வாங்காதவர்களே இல்லை என்றார். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். கோட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை நுனியில் பிடித்து இழுத்தார், நூல் மாதிரி கடைசிவரை அறுபடாமல் வந்தது. அதைச் சுருட்டி உருண்டையாக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, பால் பிடிக்கிற மங்குக்குள்ளேயே திரும்பப் போட்டார், அது அடுத்தவர் பால். அன்று இரவு கோலப்பிலாவில் தங்கினோம்.

இரண்டாம் நாள்தான் முதல் கணவாய். கோலா கிளாவாங் வழியாகப் போய் கெந்திங் பெராஸ் ஏறினால் அந்தப் பக்கம் சிலாங்கூரின் உலு லங்காட். மாநில எல்லையே மலைமுகட்டில்தான் இருக்கிறது. வார நாளில் போங்கள், ஞாயிறு காலையில் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் வளைவுக்கு வளைவு வரும். ஏறுவது ஒன்றும் கஷ்டம் இல்லை. இறங்கும்போது நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன், சிங்கப்பூரில் ஓட்டிப் பழகிய யாருக்கும் இது நடக்கலாம். நம் ஊரில் மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான், நீண்ட இறக்கம் என்றால் என்னவென்று நம் காலுக்குத் தெரியாது. கியரை டி-யிலேயே விட்டுவிட்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. முதலில் முன்னால் போன லோரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது, மெத்தையை மிதிப்பது போல. கை வேர்த்துவிட்டது. அப்பா அமைதியாக, "கியரக் குறைச்சுட்டு ஓரங்கட்டு" என்றார்.

அகலமான ஓரம் ஒன்று பார்த்து நிறுத்தி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. அம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்து ஊற்றப் போனார், தடுத்துவிட்டேன், கொதிக்கிற டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் அது கோணிப்போகும் அல்லது விரிசல் விடும். நடப்பது இதுதான்: தொடர்ந்து அழுத்தும்போது பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிமானம் குறையும், அதற்கு மேலும் சூடு ஏறினால் பிரேக் எண்ணெய் கொதித்து அதில் ஆவிக்குமிழ் உண்டாகும், அப்போது மிதித்தாலும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. வழி எளிது. இறக்கம் தொடங்கும் முன்பே எல், எஸ் அல்லது 2, ஹைபிரிட் கார் என்றால் பி, உங்கள் காரில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றிவிடுங்கள். எஞ்சின் உறுமும், பயப்படாதீர்கள், காரைப் பிடித்து நிறுத்துகிற சத்தம்தான் அது. பிரேக்கைத் தேவைப்படும்போது அழுத்தி உடனே விட்டுவிடுங்கள், கால் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. கிளம்பும் முன் பட்டறையில் பிரேக் கட்டையின் தடிமனையும் பிரேக் எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா சின்ன வயதில் லோரி உதவியாளாகப் பழைய கெந்திங் செம்பா சாலையில் போய்வந்தவர். கோலாலம்பூரிலிருந்து கிழக்குக்கரைக்குப் போக அந்தக் காலத்தில் அந்தச் சாலைதான். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று அன்றைக்கு லோரி ஓட்டுநர் சொல்வாராம். மீதி நான்கு நாளும் நான் அதன்படிதான் ஓட்டினேன், தீய்ந்த வாடை மறுபடி வரவில்லை.

உலு லங்காட்டிலிருந்து அம்பாங், பத்துமலை, உலு யாம் வழியாகக் கோலகுபு பாரு. கோலாலம்பூரை ஒட்டிய பகுதியில் நெரிசல்தான், அதைச் சொல்ல ஒன்றுமில்லை. பத்துமலையில் அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏறவில்லை, கீழேயே கும்பிட்டுவிட்டு வந்தோம். கோலகுபு பாரு அழகான சின்ன ஊர். பழைய கோலகுபு 1883இல் அணை உடைந்து வெள்ளத்தில் சிக்கியது, அதற்குப் பிறகும் வெள்ளம் விடவில்லை, கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள், பெயரில் இருக்கும் 'பாரு' அதனால் வந்ததுதான், மலாயில் 'புதிய' என்று பொருள்.

மூன்றாம் நாள் 55ஆம் எண் சாலை. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு சாலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். ஊரைத் தாண்டியதும் சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்ப்பரப்பு, அப்புறம் காடு சாலையை நெருக்கிக்கொண்டே வரும். மூங்கில் வளைந்து கார் கூரையைத் தொடும் அளவுக்கு நிற்கிறது. குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினோம், ஈர மண் வாசமும் தண்ணீர்ச் சத்தமும் உள்ளே வந்தது. கம்யூனிஸ்டுகளோடு பிரிட்டிஷார் மோதிய மலாயா அவசரகாலத்தில், 1951 அக்டோபர் 6ஆம் தேதி, மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்டு கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டது பிரேசர் மலைக்குப் போகும் இந்த வழியில்தான். பினாங்கின் கர்னி டிரைவ் அவர் பெயர்தான். வளைவுகளைப் பார்த்தாலே பதுங்கியிருப்பது எவ்வளவு சுலபம் என்று புரியும்.

கேப் என்ற இடத்திலிருந்து மேலே போகும் பழைய சாலை ஒரு கார் அகலம்தான். முன்பெல்லாம் கேட் வைத்து ஒரு மணி நேரம் ஏறுகிறவர்களுக்கு, அடுத்த மணி நேரம் இறங்குகிறவர்களுக்கு என்று மாற்றி மாற்றி விடுவார்கள். எந்த வழியாக ஏற வேண்டும், எதில் இறங்க வேண்டும் என்பது மண்சரிவைப் பொறுத்து மாறும், அதனால் தங்கும் விடுதியில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பிரேசர் மலை 1,200 மீட்டருக்கு மேல், இரவில் கம்பளி தேவைப்படும். காலையில் மூடுபனிக்குள்ளிருந்து சியாமாங் என்ற வாலில்லாக் குரங்குகள் கூவ ஆரம்பித்தன, ஒன்று தொடங்க இன்னொன்று எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து பதில் கொடுக்க, அம்மா வாசல் படியில் கோப்பிக் குவளையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கேமரன் மலையில் வார இறுதிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைதி நம்பவே முடியாது.

அடுத்த நாள் கேப்பிலிருந்து கிழக்கே ரவுப்புக்கு இறங்கினோம். அங்கே தொட்டியை நிரப்பிவிடுங்கள். சிங்கப்பூர்க் காருக்கு ரான் 95 பெட்ரோல் போடக்கூடாது, ரான் 97தான், உள்ளூர்ச் சின்ன நிலையங்களில் சில சமயம் 97 இருக்காது. ரவுப்பிலிருந்து சுங்கை கோயான், அங்கிருந்து மலையேறி ரிங்லெட். கேமரன் மலை பகாங்கில் இருந்தாலும் வெகுகாலம் பேராக்கின் தாப்பா வழியாகத்தான் போக வேண்டியிருந்தது, பகாங்குக்குள்ளேயே போகக் கட்டிய சாலை இது. நல்ல அகலம், வண்டிகள் குறைவு, ஆனால் நீண்ட தூரம் கடையும் இல்லை, கைப்பேசி அலையும் இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம், அம்மாவுக்குத் தலைசுற்றலுக்கு 'அசாம் போய்' என்ற உப்பும் புளிப்புமான உலர்ந்த பிளம் பழம் கைகொடுத்தது.

எப்போது போகலாம் என்றால், மழைக்காலமான நவம்பர் டிசம்பர் வேண்டவே வேண்டாம். டிசம்பர் 16, 2022 அன்று பத்தாங்காலியில் மண்சரிவில் முகாமில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தார்கள், சின்னக் குழந்தைகளும் அதில் உண்டு. நாங்கள் போன சாலைகளிலிருந்து அது தொலைவில் இல்லை. பள்ளி விடுமுறை அப்போதுதானே என்று சொல்வீர்கள், விடுமுறைக்காக மலை காத்திருக்காது, மார்ச் அல்லது ஜூன் விடுமுறையைப் பாருங்கள். எந்த மாதமானாலும் மதியத்துக்கு மேல் மலையில் மழை பிடிக்கும், இரண்டு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். வரைபடம் இரண்டு மணி நேரம் என்று காட்டினால் பெரியவர்களோடு நான்கு என்று கணக்கு வையுங்கள். இருட்டிய பிறகு இந்தச் சாலைகளில் ஓட்டாதீர்கள், விளக்குக் கம்பமே கிடையாது.

கேமரனில் இரண்டு இரவு. தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். திரும்பும்போது தாப்பா சாலை, வளைவுக்கு மேல் வளைவு, வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி, ஓராங் அஸ்லி என்ற பழங்குடி மக்கள் தேனும் பெத்தாய் என்ற காட்டு அவரைக்காயும் விற்கும் சாலையோரக் கடைகள். தாப்பாவிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 500 கிலோமீட்டர், அதை ஒரே மூச்சில் நெடுஞ்சாலையில் ஓட்டினேன். அது என் முதுகுக்குத் தெரியும். ஞாயிறு மாலை எல்லைக்கு வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள், செவ்வாய் அல்லது புதன் திரும்புகிற மாதிரி வையுங்கள்.

ஐந்து நாள் போதாது என்று ஏன் சொன்னேன் என்றால், நாங்கள் போட்டது ஐந்து இரவு, ஆறு நாள், அதிலும் கோலப்பிலாவுக்கு ஒரே ஓர் இரவுதான் ஒதுக்கினேன், மலை மலை என்று அதே நினைப்பு எனக்கு. மறுநாள் காலை கிளம்பும்போது அப்பா, தான் படித்த தமிழ்ப்பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது, பார்க்க முடியுமா என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்துவிட்டேன். உங்கள் பெற்றோருக்கு வழியில் அப்படி ஓர் ஊர் இருந்தால் அங்கே இரண்டு இரவு போடுங்கள், வேண்டுமானால் கேமரனில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.