இடித்த வீட்டு ஜல்லியைக் கான்கிரீட்டில் போடலாமா? கேள்வி பதில்

கேள்வி (அழகாபுரம்): பழைய மாடி வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம். இடிபாடு முழுவதையும் உடைத்துத் தூண், உத்தரம் எல்லாவற்றுக்கும் ஜல்லியாகப் போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா ஐயா?

பதில்: வேண்டாம். உங்களிடம் இருப்பது இரண்டு சரக்கு. தளமும் தூணும் உடைந்த கான்கிரீட் ஒன்று; செங்கல், பூச்சு, ஓடு கலந்த குவியல் இன்னொன்று. கான்கிரீட்டில் போடும் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 383-இன் 2016 திருத்தம் இவற்றைத் தனித்தனியாகவே பார்க்கிறது. கான்கிரீட்டை உடைத்த ஜல்லியைக் கம்பி கட்டிய வேலையில் மொத்த ஜல்லியில் 20 சதவீதம் வரை சேர்க்கலாம், அதுவும் எம்25 வரைதான் (எம் என்பது கான்கிரீட்டின் வலுத் தரம்; எண் கூடினால் வலு கூடும்). கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். எம்15-க்குக் கீழான மெலிந்த கலவையில் முழுவதுமாகவே போடலாம். செங்கல் கலந்த ஜல்லிக்கு அந்த மெலிந்த கலவை மட்டுமே உண்டு.

அந்த 20 சதவீதத்துக்கு ஆசைப்பட்டும் தூணில் கை வைக்காதீர்கள் என்பேன். சலித்து, எடை போட்டு, ஆய்வகத்தில் சோதித்துக் கலக்கிற ஆலைக்கு அது சரி. வாசலில் சம்மட்டியால் உடைப்பவருக்கு அஸ்திவாரக் குழியின் அடியில் போடும் 1:4:8 மெலிந்த கலவையும் (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நான்கு, ஜல்லி எட்டு) தரைக்கு அடியிலான தளமும் போதும். ஜன்னல், குழாய், ஜிப்சம் சீலிங் ஆகியவற்றை முதலிலேயே கழற்றி அகற்றுங்கள். ஜிப்சத்தில் இருக்கும் சல்பேட் பின்னாளில் கான்கிரீட்டை உப்பவைத்து வெடிக்கச் செய்யும். பொக்லைன் இறங்கிவிட்டால் அப்புறம் எதையும் பிரிக்க முடியாது.

கேள்வி (கொண்டலாம்பட்டி): சொன்னபடி தரைத்தளத்துக்குத்தான் பழைய ஜல்லி போட்டோம். கலந்த சற்று நேரத்திலேயே கலவை இறுகிவிடுகிறது. ஆட்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

பதில்: முதலில் அந்தக் குடத்தைப் பிடுங்குங்கள். பழைய ஜல்லியின் மேல் பழைய சிமெண்ட் சாந்து ஒட்டியிருக்கிறது. அது நுண்துளைகள் நிறைந்தது. நம் பக்கத்துக் கருங்கல் ஜல்லி பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே நீர் உறிஞ்சும். இது அதைப்போலப் பல மடங்கு உறிஞ்சும். கலவையில் இருக்கும் நீரை அது குடித்துவிடுவதால்தான் இறுகுகிறது. மேலே ஊற்றும் தண்ணீரோ சிமெண்டின் வலுவைக் குறைக்கும். முந்தின நாள் இரவே ஜல்லியை நனைத்து வையுங்கள். காலையில் வடியவிட்டு, உள்ளே ஈரமும் வெளியே சொட்டாத பதமுமாகக் கலவையில் போடுங்கள்.

கேள்வி (ஏற்காடு): தாத்தா காலத்துக் கல் வீடு, சுண்ணாம்புச் சாந்து. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஜல்லி வருவதற்குள் வாடகையே விழுங்கிவிடுகிறது. வீட்டையே உடைத்து ஜல்லியாக்கலாமா?

பதில்: நல்ல கருங்கல்லை உடைக்க மனம் வருகிறதா? கல்லைக் கல்லாகவே தாங்குசுவருக்கு வையுங்கள். மலையில் அதைவிட மதிப்பான பொருள் வேறு இல்லை. சுண்ணாம்பும் செங்கலும் கலந்த துண்டுகளைத் தூள் போகச் சலித்து, சுவரின் முதுகுப்புறம் நிரப்புங்கள். மழைநீர் வடிந்து துளைகள் வழியே வெளியேறும். மிச்சத்தைச் சரிவில் மட்டும் தள்ளாதீர்கள். அடுத்த மழையில் அது கீழே இருப்பவர் காப்பித் தோட்டத்தில் போய் நிற்கும்.

கேள்வி (மெய்யனூர்): பழைய கம்பியை நிமிர்த்தித் திரும்பக் கட்டலாமா?

பதில்: கூடாது. எடைக்குப் போடுங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): பழைய இரும்புக் கடையில் உலைச் செங்கல் உடைசல் மலிவாகக் கிடைக்கிறது. கல் போலக் கடினமாக இருக்கிறதே, ஜல்லிக்குப் பதிலாகப் போடலாமா?

பதில்: மேக்னசைட் தாது கிடைக்கும் ஊராயிற்றே, சேலத்துக்காரர்கள்தான் இதைக் கேட்பார்கள்! உலையின் உட்புறம் பதிக்கும் இந்தச் செங்கலில் மேக்னசைட் வகை உண்டு. கடும் வெப்பத்தில் சுட்ட மேக்னீசியம் ஆக்சைடு அது. கான்கிரீட்டுக்குள் ஈரத்தோடு சேர்ந்து மெதுவாக ஹைட்ராக்சைடாக மாறும்போது இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். கான்கிரீட் கட்டியை 28-ஆம் நாள் நசுக்கி வலுப் பார்க்கும் கன சதுரச் சோதனையில் தேறிவிட்டு, பிறகு தரையைப் பிளக்கலாம். அதனால் அந்தச் சோதனைச் சீட்டைக் காட்டி யார் விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.