வலிப்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒன்றையொன்று கெடுக்குமா?

அம்மா வலிப்புக்காக பீனோபார்பிட்டோன் எடுக்கிறார், இப்போது டாக்டர் கால்சியமும் எழுதியிருக்கிறார், "இந்த வகை மருந்து நரம்புக்குள் கால்சியம் போவதைத் தடுக்கும் என்று படித்தேன், அப்படியானால் இரண்டும் மோதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மோதாது. ஆனால் நீங்கள் படித்தது உண்மைதான். மருந்தியல் பாடம் எடுப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நரம்பு செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு அதிகம். மின்துடிப்பு நரம்பு முனைக்கு வந்ததும் அங்குள்ள கால்சியம் சேனல்கள் திறந்து, கண்ணிமைக்கும் நேரத்தைவிட வேகமாகக் கால்சியம் உள்ளே பாயும். அது வந்தால்தான் அங்கே காத்திருக்கும் நுண்பைகள் திறந்து, அடுத்த செல்லுக்கான ரசாயனத்தை வெளியே விடும். வராவிட்டால் செய்தி அங்கேயே நின்றுபோகும்.

பீனோபார்பிட்டோன் சேர்ந்த மருந்து வகைக்குப் பார்பிட்யூரேட்டுகள் என்று பெயர். இவை இந்தப் பாய்ச்சலைக் குறைக்கின்றன என்பதை 1975-இல் பிளாஸ்டீன், எக்டர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலி மூளையைப் பக்குவமாகக் கூழாக்கினால் நரம்பு முனைகள் பிய்ந்து, தாமே வாய் மூடிக்கொண்டு குட்டிக் குட்டிப் பைகளாகிவிடும். சுற்றிலும் பொட்டாசியத்தைக் கூட்டினால் துடிப்பு வந்ததுபோலவே அவை கால்சியத்தை இழுக்கும். கதிரியக்கக் கால்சியம் கொண்டு அதை அளக்கலாம். அதே வகையைச் சேர்ந்த பென்டோபார்பிட்டாலைச் சேர்த்ததும் அந்தக் கால்சியம் உள்ளிழுப்பு குறைந்தது. முழு மூளை இல்லை, நரம்பு வலை இல்லை, வெறும் முனைகளிலேயே மருந்து வேலை செய்தது! எவ்வளவு அழகான சோதனை.

அதற்காகக் கால்சியம்தான் எல்லாம் என்று நினைக்க வேண்டாம். இவற்றின் முதல் வேலை, காபா என்ற, நரம்பை அடக்கும் மூளை ரசாயனத்தின் ஏற்பியில் உள்ள குளோரைடு சேனலை அதிக நேரம் திறந்து வைப்பது. டோஸ் ஏறும்போது காபா இல்லாமலே அதைத் திறந்துவிடும். கால்சியம் தடையும் கூடும். அளவு மீறினால் மூச்சே நிற்பது இதனால்தான். டயசெபாம் வகை அமைதி மருந்துகளுக்குக் காபா இருந்தே ஆக வேண்டும், அதனால் தனியாக எடுக்கும்போது அந்த ஆபத்து குறைவு. ஐசியூவில் கொடுக்கும் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மயக்க மருந்து வேறு வழி: ஆல்ஃபா-2 என்ற ஏற்பி மூலம் கால்சியம் சேனலை அடக்கி, விழிப்பைத் தூண்டும் நார்அட்ரினலின் வெளியேறுவதைக் குறைக்கிறது. நோயாளி தூங்குவார், கூப்பிட்டால் கண் திறப்பார்.

சரி, அம்மாவின் மாத்திரைக்கு வருவோம். டாக்டர் சொன்ன அளவில் கால்சியம் சாப்பிட்டால், ரத்தத்தில் அதன் அளவைப் பாராதைராய்டு ஹார்மோன் பெரிதாக மாற விடாது. அதனால் நரம்பு முனையில் மருந்தின் வேலை கெடாது. டாக்டர் கால்சியம் எழுதியதற்குக் காரணம் பெரும்பாலும் எலும்பாக இருக்கும். பீனோபார்பிட்டோனை நீண்டகாலம் எடுத்தால் கல்லீரல் வைட்டமின் டி-யை வேகமாகச் சிதைக்கும், எலும்பு பலவீனமாகும். அடுத்த முறை போகும்போது வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பயந்துபோய் வலிப்பு மாத்திரையை மட்டும் திடீரென நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு விடாமல் தொடர்ந்து வரக்கூடும்.