ஹனோயில் தூதர் இல்லாத வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேராயர் மாரெக் சலேவ்ஸ்கியை, வியட்நாமிலேயே தங்கிப் பணியாற்றும் தமது பிரதிநிதியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2023 டிசம்பரில் நியமித்ததைப் பற்றி மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். அதில் மகிழ என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. வெறும் 44 ஹெக்டேர் பரப்புள்ள வத்திக்கானுக்கு வணிகமும் இல்லை, படையும் இல்லை, தூதர் எதற்கு? முழுமையான தூதரக உறவுகூட இன்னும் ஏற்படவில்லையே, அது எப்போது வரும்? ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அங்கே தங்கியிருக்கும் தூதர் எவரும் இல்லாமலே வியட்நாம் திருச்சபை நன்றாகத்தானே இருந்தது?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

உங்கள் முதல் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. தூதரை அனுப்புவது வத்திக்கான் என்ற சிறு நாடு அல்ல, திருத்தந்தையின் தலைமைப் பீடமான திருப்பீடம். 1870 முதல் 1929 வரை திருத்தந்தைக்கென்று ஆட்சிநிலம் ஒரு சாண்கூட இல்லாதிருந்தபோதும், அவருடைய தூதர்கள் பல தலைநகரங்களில் பணியாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். நிலத்தை அளந்து கேட்கும் இந்தக் கேள்வியை இனி யாரிடமும் கேட்காதீர்கள்.

உங்கள் கடைசி வரியைத்தான் என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. அந்த ஐம்பது ஆண்டுகளைப் பற்றிச் சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவை எப்படிக் கழிந்தன என்று தேடிப் பார்க்காமல் ‘நன்றாகத்தானே இருந்தது’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இந்தோசீனாவுக்கான திருத்தந்தைப் பிரதிநிதியின் பணியகம் 1925-இல் ஏற்படுத்தப்பட்டது. முதலில் ஹுவே நகரில் இருந்த அது, பின்னர் ஹனோயில் புனித யோசேப்பு பேராலயத்தை அடுத்த ஞா சுங் தெருவுக்கு வந்தது. 1954-இல் நாடு இரண்டாகப் பிரிந்த பிறகும் அயர்லாந்துக்காரரான பேராயர் ஜான் டூலி கம்யூனிஸ்டு அரசின் கீழ் அங்கேயே இருந்தார். 1959-இல் அவர் நோயுற்று வெளியேறினார். பணியகத்தில் எஞ்சியிருந்தவரும் அதே ஆண்டு வெளியேற்றப்பட்டார். தெற்கு வியட்நாமின் தலைநகரான சைகோனில் இருந்த பிரதிநிதியும் 1975-இல் போரின் முடிவுக்குப் பிறகு வெளியேற நேர்ந்தது. அதன்பின் 2011-இல் பேராயர் லியோபோல்தோ ஜிரெல்லி சிங்கப்பூரில் இருந்தபடி வியட்நாமையும் கவனிக்கத் தொடங்கும்வரை, அந்த மக்களுக்கென்று ரோமின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை.

தூதர் என்றதும் அரசு விருந்துகளில் கைகுலுக்கும் ஒருவர்தான் உங்கள் நினைவுக்கு வருகிறார் என்று நினைக்கிறேன். திருப்பீடத் தூதர் அரசிடம் அனுப்பப்படுவதற்கு முன்னால் அந்நாட்டுத் திருச்சபையிடம் அனுப்பப்படுகிறவர். ஒரு மறைமாவட்டத்துக்குப் புதிய ஆயர் (பிஷப்) வேண்டியிருக்கும்போது, இந்தக் குருவானவர் எப்படிப்பட்டவர், ஏழைகளிடம் எப்படிப் பழகுகிறார், பணத்தை எப்படிக் கையாள்கிறார், மக்கள் இவரை நம்புகிறார்களா என்றெல்லாம் அங்குள்ள ஆயர்களிடமும் குருக்களிடமும் பொதுநிலையினரிடமும் இரகசியமாக விசாரித்து, மூன்று பெயர்களைத் தம் கருத்தோடு ரோமுக்கு அனுப்புகிறவர் அவர். இது கேட்டறியும் வேலை. ஊரில் இல்லாதவரால் இதை ஒழுங்காகச் செய்ய முடியாது.

அவர் இல்லாதபோது என்ன நடந்தது என்று ஹுவேயைப் பாருங்கள். அங்கே பேராயர் ங்குயென் கிம் தியென் 1988-இல் இறந்தார். ரோமிலிருந்து குழுக்கள் வந்து ஹனோய் அரசோடு ஒவ்வொரு பெயராகப் பேச வேண்டியிருந்த காலம் அது. 1994-இல்தான் நிர்வாகப் பொறுப்பாளர் ஒருவர் கிடைத்தார். அவரே பேராயரானது 1998-இல். பத்து ஆண்டுகள், எம். அந்தப் பணியகம் முதன்முதலில் அமைந்த அதே ஊரில், 1988-இல் பிறந்த குழந்தை பள்ளிக்குப் போய், எழுதப் படிக்கக் கற்று, புதுநன்மையும் வாங்கியிருக்கும்; அதுவரை அந்தக் குழந்தையின் மறைமாவட்டத்துக்குப் பேராயர் இல்லை. இதையா நன்றாக இருந்தது என்கிறீர்கள்?

தூதர் இல்லாமலும் விசுவாசம் தளரவில்லையே என்று நீங்கள் வியட்நாமியரான கர்தினால் வான் துவானைச் சுட்டிக்காட்டலாம். 1975 ஏப்ரல் 24-இல், சைகோன் வீழ்வதற்கு ஆறு நாட்களுக்கு முன், அவர் அந்நகரின் வாரிசுரிமைப் பேராயராக, அதாவது அப்போதைய பேராயருக்குப் பின் அப்பதவிக்கு வரும் உரிமையோடு, நியமிக்கப்பட்டார். ஆகஸ்டு 15-இல் கைதாகி 13 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தார். அவற்றில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்று மருந்து என்று எழுதி மக்கள் அனுப்பிய சிறு குப்பியில் திராட்சை இரசம் இருந்தது. அதில் மூன்று துளியும் ஒரு துளி நீரும் உள்ளங்கையில் ஏந்தி அவர் திருப்பலி நிறைவேற்றினார். உள்ளங்கையே கிண்ணம். அந்தக் கையை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் உள்ளங்கையில் பலி செலுத்தத் தெரிந்தவர்களுக்குப் பீடம் எதற்கு என்று கேட்பது நியாயமாகாது. அவர்கள் தாங்கிக்கொண்டார்கள் என்பதற்காக அவர்களைத் தனியே விட்டது சரியென்று ஆகிவிடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஹனோய் சென்றிருந்தபோது, விடியற்காலைத் திருப்பலி முடிந்து ஞா சுங் தெருவில் நடந்தேன். பழைய பணியக வளாகம் பூங்காவாக இருந்தது. சிலர் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பேராலயத்தில் எனக்கு முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர், கையில் காய்கறிப் பையோடு அந்த வேலியருகே நின்று, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, பேசாமல் நடந்து போனார். 2007 டிசம்பரில் அந்த வீட்டைத் திருப்பித் தரக் கேட்டு மெழுகுவர்த்தியோடு திரண்டவர்களில் அவரும் இருந்தாரோ, நான் கேட்கவில்லை. அன்று அங்கே குளிரில் நின்று செபித்தவர்களில் பலர், அந்த வீட்டில் ஒரு தூதர் குடியிருந்ததைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை. அவர் போய் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. வீடு திரும்பக் கிடைக்கவில்லை. 2008 செப்டம்பரில் காவலர் சூழ, இயந்திரங்கள் வந்து, அந்த இடம் பூங்காவாகவும் நூலகமாகவும் மாற்றப்பட்டது. தூதர் எதற்கு என்ற உங்கள் கேள்வியை அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

முழுமையான தூதரக உறவு எப்போது வரும் என்பது ஹனோயும் ரோமும் பேசித் தீர்க்க வேண்டியது. ஆயர் நியமனத்தில் அரசின் சம்மதம் இன்றும் தேவைப்படுகிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஹுவேக்கு இனியொரு பேராயர் வேண்டியிருக்கும்போது, யாரை நியமிக்கலாம் என்று அவ்வூர்க் குருக்களைக் கேட்கும் கடிதம் ஹனோயிலிருந்தே புறப்பட முடியும்.