கூடு எங்கே என்று கேட்டால்

அன்புள்ள ஐயா,

வங்கிப் பணியில் மாற்றலாகிக் காரைக்குடிக்கு வந்து பதினோரு மாதங்கள் ஆகின்றன. அலுவலகத்துக்கு வெளியே எனக்கு இங்கே யாரையும் தெரியாது. ஞாயிறுதோறும் கேமராவுடன் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறேன். அங்கே ஐந்தாறு பேரைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களிடம் பெரிய பெரிய லென்ஸுகள். என்னுடையது சிறிய கேமரா. பேச்சுக் கொடுக்கக் கூச்சம். போன வாரம் அவர்களில் ஒருவர் தாமாகவே வந்து பேசினார். என் வாடகை வீட்டுக்கு எதிரே பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் மாடத்தில் ஒரு கூகை, ஆந்தையில் ஒரு வகை, குஞ்சு பொரித்திருக்கிறது. பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டேன். "எந்த வீடு?" என்று கேட்டார். ஏனோ சொல்ல மனம் வரவில்லை. ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். கிடைக்க இருந்த ஒரே நட்பையும் நானே கெடுத்துக்கொண்டேனோ என்று உறுத்துகிறது. நான் செய்தது சரியா?

ம., காரைக்குடி

*

அன்புள்ள ம.,

சரிதான். அந்த உறுத்தல் உங்களுக்கு வேண்டாம். ஆனால் மழுப்பியிருக்க வேண்டாம். ஏன் என்பதற்கு என் வீட்டுக் கொல்லையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், என்னுடைய முதல் கேமரா வந்த புதிதில், செம்பருத்திச் செடியில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கூடு கட்டியது. கட்டியதெல்லாம் பெண் குருவிதான். சிலந்தி நூலை அலகில் சுற்றிக்கொண்டு வரும். மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த புழு எச்சம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து வெளிப்புறத்தில் ஒட்டும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கிளையில் குப்பை தொங்குவது போலத்தான் இருக்கும். கிட்டே போனால் பக்கவாட்டில் ஒரு வாசல், அந்த வாசலுக்கு மேலே மழைத் தண்ணீர் உள்ளே விழாதபடி ஒரு சின்னத் தாழ்வாரம். நம்மூர் வீடுகளின் முகப்பை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவன் நான். கட்டைவிரல் அளவு குருவி தன் வாசலுக்குத் தாழ்வாரம் இறக்கியதைப் பார்த்து அன்றைக்கு முழுவதும் வேறு வேலை ஓடவில்லை.

அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழக்கமாகி ஒரு மாதம்கூட ஆகாத நான்கு பேரை வீட்டுக்கு அழைத்தேன். காபி கொடுத்தேன், கூட்டைக் காட்டினேன். வெளிச்சம் போதவில்லை என்று ஒருவர் கத்தரிக்கோலால் முன்பக்கத்து இரண்டு கிளைகளை நறுக்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், தடுக்கவில்லை. விருந்தாளியை எப்படிச் சொல்வது என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான்காவது ஆள் மட்டும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார். "வெயில் நேரே கூட்டின் மேல் விழுகிறதே, ஐயா" என்றார். மற்றவர்கள் போன பிறகு, நறுக்கிப் போட்ட கிளைகளை எடுத்து வாழைநாரால் அதே இடத்தில் கட்டினார். மாலைக்குள் இலைகள் வாடிவிட்டன. மூன்றாம் நாள் கூடு கிழிந்து தொங்கியது. காக்கைக்கு எதிரே இருந்த திரையை நாங்களே விலக்கிக் கொடுத்திருந்தோம். அந்த வாரப் புதன்கிழமை மாலை, வேலை முடிந்து, "குருவி எப்படி இருக்கிறது?" என்று கேட்பதற்காக மட்டும் பஸ் ஏறி வந்தார் அந்த நான்காவது ஆள். சொன்னேன். கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று தொடங்கிய நட்பு இன்றும் இருக்கிறது. அவர் மகளின் திருமணத்துக்குப் பந்தியில் பரிமாறியிருக்கிறேன். மற்ற மூவரின் முகம் எனக்கு மறந்துவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், கூகையின் இடம் உங்களிடமே இருக்கட்டும். கூகைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மாந்திரீகம், சூனியம் என்று ஆந்தைகளைப் பிடித்து விற்கிறவர்கள் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். கேட்டவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் யாரிடம் சொல்வார், அந்த ஆள் யாரிடம் சொல்வார் என்பது அவருக்கே தெரியாது. படம் எடுக்க வருகிறவர்களும் இரவில்தான் வருவார்கள், ஃபிளாஷ் அடிப்பார்கள். எலி பிடித்து வரும் தாய்ப்பறவை வெளிச்சத்துக்கு மிரண்டு மாடத்துக்குள் போகாமல் நின்றால், குஞ்சு பசியோடு கிடக்கும்.

அடுத்த ஞாயிறு அவரைப் பார்க்கும்போது நேராகவே சொல்லுங்கள்: "அன்றைக்கு மழுப்பிவிட்டேன். கூட்டில் குஞ்சு இருக்கிறது. பறந்து போன பிறகு சொல்கிறேன்." முகம் சுளித்தால் அவரோடு வணக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "எத்தனை குஞ்சு?" என்று கேட்டால் பக்கத்தில் உட்காருங்கள்.

உட்காரும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேட்டங்குடி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1977-இல். அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். வெடி கேட்டு அழும் பிள்ளைகளை அந்த ஊர்த் தாய்மார்கள் ஆண்டுதோறும் சமாதானம் செய்கிறார்கள். நத்தைகுத்தி நாரையும் வெள்ளை அரிவாள்மூக்கனும் வக்காவும் அங்கே நம்பி வந்து இறங்குவதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நீங்கள் கேமராக்காரர்களை மட்டும் பார்த்துக் கூச்சப்படுகிறீர்கள். கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிறவரிடமும் டீக்கடையில் இருக்கும் பெரியவரிடமும் பேசிப் பாருங்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை அடையும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேமரா சிறியது என்று எழுதியிருந்தீர்கள். காட்டுயிர்ப் படக்கலைஞர் மா. கிருஷ்ணன் வெவ்வேறு உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாக நடந்தவர். கருப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்களுக்கு முன்னால் இன்றைய லென்ஸுகளில் பலவும் வாயடைத்து நிற்கும். இதற்கு மேல் இந்தக் கவலையைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

பேச்சு எப்படித் தொடங்கும் என்கிறீர்களா? எனக்குத் தொடங்கியது ஒரு காற்றில். கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஊருணி. செம்புறாங்கல் படியில் நின்றுகொண்டு கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் படம் பிடிக்க ஒரு மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தேன். அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு, அலகைக் கீழே நீட்டி, தலையை மட்டும் அசைக்காமல் நிற்கும். உடம்பு முழுவதும் அதிரும், கண் அசையாது. எனக்குக் கிடைத்ததெல்லாம் அதன் முதுகும் வாலும்தான். எதிர்ப் படியில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் கைகாட்டிக் கூப்பிட்டார். "பறவை காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும். நீங்கள் காற்றுக்கு முதுகு கொடுத்து நில்லுங்கள், அது உங்களைப் பார்க்கும்" என்றார். இடம் மாறி நின்றேன். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைக்கச் சொன்னார், வைத்தேன். அடுத்த முறை மீன்கொத்தி வந்தபோது அவர் தம் கேமராவை எடுக்கவே இல்லை. எனக்குக் கிடைக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிடைத்தது. என்னைவிட அவர்தான் அதிகம் மகிழ்ந்தார்.

உங்களுக்கும் அப்படி ஒன்று தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் கேளுங்கள். "இது சின்னக் கொக்கா, உண்ணிக் கொக்கா?" என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். கால் நிறம், அலகு நிறம் என்று அரை மணி நேரம் சொல்வார். லென்ஸ் விலையைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கட்டாயம் சேர்ந்துகொள்ளுங்கள். ஓர் இடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி, பறவைகளைப் பதிவதற்கான இ-பேர்டு இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். கேமராவே தேவையில்லை. ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் "அதோ பாம்புத்தாரா" என்று கைநீட்ட, யாருக்கு நல்ல படம் கிடைத்தது என்ற போட்டியே அங்கே எழாது. பெண்களும் குழந்தைகளோடு வருகிறார்கள். இருட்டோடு தனியாகக் கண்மாய்க் கரைக்குப் போவதைவிட அந்தத் துணை உங்களுக்கு நல்லது.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு நானும் என் நண்பரும், அதே நான்காவது ஆள்தான், கொள்ளுகுடிப்பட்டிக் கரையில் இருப்போம். அவர் மகளும் வருகிறாள். அவர் வீட்டு இட்லிப் பொட்டலம் எப்போதும் ஒருவருக்குக் கூடுதலாகவே இருக்கும். கூகை எந்த வீட்டில் என்று நாங்கள் இருவரும் கேட்கமாட்டோம். எத்தனை குஞ்சு, இரவில் எத்தனை முறை இரை வருகிறது என்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டு வாருங்கள்.