விடை வேண்டாம், போதுமா என்று மட்டும் பாருங்கள்

கேள்வி: பேங்க் தேர்வுக்குப் படிக்கிறேன். சராசரி, கலவைக் கணக்கெல்லாம் நன்றாகவே போடுவேன். அதே கணக்கு டேட்டா சஃபிஷியன்சியில் (கொடுத்த கூற்றுகள் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்கும் பகுதி) வந்தால் மட்டும் 'இரண்டு கூற்றும் சேர்ந்தால்தான் விடை' என்று டிக் பண்ணிவிட்டு வருகிறேன், பாதிக்கு மேல் தப்பு. ஏன் இப்படி?
- வாசகி, தென்காசி

பதில்: கணக்கு நன்றாகப் போடத் தெரிவதுதான் இங்கே தொல்லை. இரண்டு கூற்றையும் ஒரே மூச்சில் படித்தவுடன் கை பாட்டுக்குப் போட ஆரம்பித்துவிடும், விடையும் வந்துவிடும், வந்ததும் இரண்டுமே தேவைப்பட்டது போலத் தோன்றும்.

ஒன்று பார்ப்போம். வகுப்பில் பையன்களின் சராசரி மதிப்பெண் 60, பெண்களுடையது 70. மொத்த வகுப்பின் சராசரி என்ன? கூற்று 1: பையன்கள், பெண்கள் விகிதம் 3:2. கூற்று 2: மொத்தம் 50 பேர். நீங்கள் என்ன செய்வீர்கள், 30 பேர், 20 பேர் என்று பிரித்து, பெருக்கி, கூட்டி 64 என்பீர்கள். சரிதான், ஆனால் அந்த 50 எதற்கு? 5 பேர் இருந்தாலும் 64, 500 பேர் இருந்தாலும் 64. முதல் கூற்றே போதும்.

அதற்காக விகிதம் கிடைத்தால் போதும் என்று மனப்பாடம் பண்ணிவிடாதீர்கள், கலவையில் காலை வாரும். பாலும் தண்ணீரும் கலந்த பாத்திரம், இரண்டும் சரிசமமாக இன்னும் எத்தனை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும்? கூற்று 1: தண்ணீரைவிடப் பால் 12 லிட்டர் அதிகம். கூற்று 2: பால், தண்ணீர் விகிதம் 5:3. இரண்டையும் சேர்த்தால் 30, 18 என்று அழகாக வருகிறது, அந்த அழகில்தான் எல்லோரும் விழுகிறார்கள். 12 லிட்டர் குறைகிறது என்றால் 12 லிட்டர் ஊற்ற வேண்டியதுதானே! விகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு லிட்டர் சொல்லவே முடியாது. ஆக, கேட்பது சராசரியா சதவீதமா, இல்லை லிட்டரா கிலோவா என்பதை முதலில் பாருங்கள். அப்புறம் ஒரு கூற்றைப் படிக்கும்போது மற்றதைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள், நிஜமாகவே.

முழு எண் சமாச்சாரம் ஒன்றும் உண்டு. 7 ரூபாய் பேனாவும் 11 ரூபாய் நோட்டும் வாங்கியதில் மொத்தம் 58 ரூபாய். இரண்டு தெரியாத எண், ஒரே சமன்பாடு, போதாது என்று தாண்டிவிடாதீர்கள். அரைப் பேனா யாரும் விற்பதில்லை. 2 பேனா, 4 நோட்டு தவிர வேறு வழியே கிடையாது.

கேள்வி: 'சராசரி 65-க்கு மேலா?' என்று கேட்டு, விடை 'இல்லை' என்று வந்தால் தரவு போதாது என்றுதானே அர்த்தம்?
- வாசகர், கரூர்

பதில்: இல்லை. திட்டவட்டமான 'இல்லை'யும் விடைதான். மேலே சொன்ன அதே வகுப்பில் 'பெண்களைவிடப் பையன்கள் அதிகம்' என்று மட்டும் கொடுத்தாலே போதும், சராசரி 60 பக்கம் சாய்ந்துவிடும், 65-ஐத் தொடவே தொடாது. ஒருமுறை ஆமாம், ஒருமுறை இல்லை என்று மாறி மாறி வந்தால்தான் போதாது.